விமானியின் தூக்கம் யார் கையில்?

2025 டிசம்பர் முதல் வாரத்தில் இந்திய விமான நிலையங்களில் நடந்ததை அவ்வளவு சீக்கிரம் மறக்க முடியாது. சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், டெல்லி என எங்கு பார்த்தாலும் இண்டிகோ கவுன்டர் முன்னால் கூட்டம். பெட்டி ஒரு ஊரில், ஆள் ஒரு ஊரில். மருத்துவமனைக்குப் போக வேண்டியவர்கள், தேர்வுக்குப் போக வேண்டியவர்கள், சாவு வீட்டுக்குப் போக வேண்டியவர்கள் தரையில் துணி விரித்துப் படுத்திருந்தார்கள். புவனேஸ்வரிலிருந்து ஹூப்ளிக்குப் போக முடியாமல் மாட்டிக்கொண்ட ஒரு புதுமணத் தம்பதி, தங்களுடைய திருமண வரவேற்பில் காணொளி வழியாகத்தான் கலந்துகொண்டார்கள். டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து. நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி பீட்டர் எல்பர்ஸ் காணொளியில் தோன்றி மன்னிப்புக் கேட்டார்.

என்ன காரணம் என்று கேட்டவர்களுக்குச் சொல்லப்பட்டவற்றில் ஒன்று மட்டும் எல்லோர் மனதிலும் ஒட்டிக்கொண்டது: விமானிகளுக்குப் புதிய ஓய்வு விதிகள் வந்துவிட்டன, அதனால் ஓட்ட ஆள் இல்லை. வரிசையில் எட்டு மணி நேரம் நின்றவருக்கு இதைக் கேட்டால் என்ன தோன்றும்? 'இவர்கள் தூங்குவதற்காக நான் இங்கே கிடக்கிறேனா' என்றுதான் தோன்றும். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது போய்ச் சேர வேண்டிய முகவரி வேறு.

ஏனென்றால் அந்த விதி டிசம்பரில் பிறந்தது இல்லை. 2024 ஜனவரி 8 அன்றே சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ அதை அறிவித்துவிட்டது. விமானிகளின் வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக உயரும். 'இரவு' என்று கணக்கிடப்படும் நேரம் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை என்பதற்குப் பதிலாக 6 வரை நீளும். இரவுப் பணியில் பறக்கும் நேரம் 8 மணி நேரத்துக்கும், மொத்தப் பணி 10 மணி நேரத்துக்கும் மிகக் கூடாது. அதுவரை ஓர் இரவுப் பணியில் ஆறு முறை வரை தரையிறங்கலாம் என்றிருந்தது, இனி இரண்டு முறைதான். இவையெல்லாம் 2024 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்க வேண்டும். நிறுவனங்கள் முடியாது என்றன. மார்ச் மாதமே டிஜிசிஏ தேதியைத் தள்ளிவைத்துவிட்டது. விமானிகள் சங்கங்கள் டெல்லி உயர்நீதிமன்றத்தில் விடாமல் நின்ற பிறகே புதிய தேதிகள் கிடைத்தன: 22 பிரிவுகளில் 15 பிரிவுகள் 2025 ஜூலை 1 முதல், மீதி நவம்பர் 1 முதல்.

அதாவது, தயாராவதற்கு ஏறக்குறைய இரண்டு வருடம். உள்நாட்டுப் பயணிகளில் பத்துக்கு ஆறு பேருக்கும் மேல் ஏற்றிச் செல்லும் நிறுவனம், ஒரு நாளைக்கு 2,200க்கும் அதிகமான விமானங்களை இயக்கும் நிறுவனம், எத்தனை விமானிகள் கூடுதலாகத் தேவைப்படுவார்கள் என்ற கணக்கைப் போடத் தவறியது. எச்சரிக்கை மணி நவம்பரிலேயே அடித்தது. அந்த மாதம் இண்டிகோ ரத்து செய்த 1,232 விமானங்களில் 755, விமானிகள் இல்லாததாலும் பணி நேர வரம்பாலும் ரத்தானவை என்று டிஜிசிஏ சொன்னது. அக்டோபரில் 84 சதவீதமாக இருந்த நேரம் தவறாமை, நவம்பரில் 68 சதவீதத்துக்கு இறங்கியது. அப்போதும் குளிர்கால அட்டவணை குறைக்கப்படவில்லை.

பிறகு நடந்ததுதான் என்னை மிகவும் உறுத்துகிறது. பயணிகள் தவிக்கிறார்கள், நாடு முழுக்கக் கூச்சல். அரசு என்ன செய்தது? டிசம்பர் 5 அன்று டிஜிசிஏ தன் விதியைத் தானே தளர்த்தியது. வார ஓய்வுக்குப் பதிலாக விடுப்பைக் கணக்குக் காட்டக் கூடாது என்ற பிரிவு திரும்பப் பெறப்பட்டது. அதாவது, ஒரு விமானி தங்கை கல்யாணத்துக்கு இரண்டு நாள் விடுப்பு எடுத்தால் அதையே அவருடைய வார ஓய்வாக நிறுவனம் எழுதிக்கொள்ளலாம். கூடவே இண்டிகோவுக்கு மட்டும் இரவுப் பணி விதிகளிலிருந்து 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு. திட்டமிடத் தவறியது நிர்வாகம், விலையாகப் போனது விமானியின் உறக்கம். அட்டவணையில் 10 சதவீதத்தைக் குறைக்க உத்தரவு, பயணக் கட்டணத்துக்கு உச்சவரம்பு, நோட்டீஸ் எல்லாம் வந்தன. சரிதான். ஆனால் முதலில் கை வைக்கப்பட்ட இடம் ஓய்வு விதிதான்.

விசாரணை முடிந்து 2026 ஜனவரியில் டிஜிசிஏ விதித்த அபராதம் 22.20 கோடி ரூபாய். இருப்பதைக் கடைசிச் சொட்டுவரை பிழிந்து இயக்கியதும், விதிக்குத் தயாராகாததும், நிர்வாகக் கட்டமைப்பின் குறைகளும் காரணம் என்று அந்த விசாரணை கண்டது. 2024-25 நிதியாண்டில் இண்டிகோவின் நிகர லாபம் 7,258 கோடி. அதை 365 நாளுக்குப் பிரித்துப் பார்த்தேன். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20 கோடி வருகிறது. அபராதம் ஒரு நாள் லாபத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே.

அதிகாலை இரண்டு முதல் ஆறு வரை

நம்மூர் நெடுஞ்சாலைகளில் நள்ளிரவு தாண்டிய நேரத்தில் போலீஸ்காரர்கள் லாரிகளையும் ஆம்னி பஸ்களையும் நிறுத்தி, ஓட்டுநரை இறக்கி முகம் கழுவச் சொல்லி டீ கொடுத்து அனுப்புவதைப் பார்த்திருப்பீர்கள். தூக்கம் எந்த நேரத்தில் கண்ணை இழுக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். உறக்க விஞ்ஞானம் சொல்வதும் அதே நேரத்தைத்தான். அதிகாலை 2 மணி முதல் 6 மணி வரை உடலின் உள்கடிகாரம் மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கிறது. உடல் வெப்பம் குறைகிறது, கவனம் சிதறுகிறது, கண்ணால் பார்த்ததற்கும் கையால் செய்வதற்கும் நடுவில் இடைவெளி கூடுகிறது. வைராக்கியத்தால் இதை வெல்ல முடியாது. லாரி ஓட்டுநராவது ஓரம் கட்டலாம். 37,000 அடி உயரத்தில் ஓரம் என்று ஒன்று கிடையாது.

1997இல் டாசன், ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் ஒரு சின்னக் கட்டுரை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத மது கலந்தவரின் செயல்திறனுக்கு இறங்கிவிடுகிறது. 24 மணி நேரம் விழித்திருந்தால் 0.10 சதவீதம். இந்தியாவில் விமானிக்கு மது விஷயத்தில் சகிப்பு பூஜ்யம். பணிக்கு முன் மூச்சுப் பரிசோதனை உண்டு, ஒரு துளி தெரிந்தாலும் உரிமத்துக்கு ஆபத்து. அதே விமானி இரவு முழுக்க உறங்காமல் வந்து நின்றால் அதைக் காட்டும் கருவி வாசலில் இல்லை. மது நாறும், அசதிக்கு வாசனை கிடையாது. இதனாலேயே அசதி பேரம் பேசக்கூடிய பொருளாகிவிட்டது.

2024 ஜனவரி 25 அன்று இந்தோனேசியாவில் நடந்ததைப் பாருங்கள். கெண்டாரியிலிருந்து ஜகார்த்தாவுக்குப் போய்க்கொண்டிருந்த பாட்டிக் ஏர் நிறுவனத்தின் ஏ320 விமானம். உள்ளே 153 பயணிகள், நான்கு பணிப்பெண்கள். புறப்பட்டு அரை மணி நேரத்தில் கேப்டன், துணை விமானியிடம் சொல்லிவிட்டுக் கண் அயர்ந்தார். அது அனுமதிக்கப்படாத விஷயம் இல்லை. ஆனால் துணை விமானியும் தன்னை அறியாமல் உறங்கிப்போனார். ஜகார்த்தா கட்டுப்பாட்டு அறை கூப்பிட்டது, பதில் இல்லை. 28 நிமிடம் அந்த விமானத்தை ஓட்ட விழித்திருந்த மனிதர் எவரும் இல்லை. கேப்டன் கண் விழித்தபோது விமானம் பாதையை விட்டு விலகியிருந்தது. நல்லவேளை, பத்திரமாகத் தரையிறங்கினார்கள். விசாரணை அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது: அந்தத் துணை விமானியின் வீட்டில் பிறந்து ஒரு மாதமே ஆன இரட்டைக் குழந்தைகள். முந்தைய நாள் வீடு மாறியிருந்தார். இரவு முழுக்கக் குழந்தைகளுக்காக எழுந்து எழுந்து மனைவிக்கு உதவியிருக்கிறார்.

இதைப் படித்துவிட்டு அந்த இளைஞரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வீடு நடப்பதுதான் அவர் வீட்டிலும் நடந்தது. 'இன்று என்னால் முடியாது' என்று தயங்காமல் சொல்லக்கூடிய ஒரு வேலையில் அவர் இருந்தாரா என்பதே கேள்வி.

இது இந்தோனேசியாவின் தனிக்கதையும் இல்லை. 2022 ஆகஸ்டில் கார்ட்டூமிலிருந்து வந்த எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் விமானம், அடிஸ் அபாபாவில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி 37,000 அடியிலேயே போய்க்கொண்டிருந்தது. இரு விமானிகளும் உறக்கத்தில். தானியங்கிக் கருவி விடுபட்டு அலாரம் அடித்த பிறகே எழுந்தார்கள். 2014 ஆகஸ்டில் மும்பையிலிருந்து பிரசல்ஸ் போன ஜெட் ஏர்வேஸ் விமானம் துருக்கியின் அங்காரா வான்வெளியில் 5,000 அடி கீழே இறங்கிவிட்டது. கேப்டன் ஓய்வில் இருந்தார், துணை விமானியின் கவனம் டேப்லெட்டில். அங்கிருந்த கட்டுப்பாட்டு அறை கூப்பிட்டுக் கேட்ட பிறகே தெரிந்தது.

சட்டப்படி ஓய்வு, உடம்புப்படி?

விமான நிறுவனத்தில் விமானியின் வாழ்க்கையை நடத்துவது ரோஸ்டர். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த ஊருக்கு, எத்தனை முறை ஏறி இறங்க வேண்டும், எந்த ஓட்டலில் தங்க வேண்டும், எந்த நாள் ஸ்டாண்ட்பையில் போன் பக்கத்தில் காத்திருக்க வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். அதைப் போடுவது மென்பொருள். அதற்குக் கொடுக்கப்படும் கட்டளை ஒன்றே: சட்ட வரம்பைத் தாண்டாமல், குறைந்த விமானிகளைக் கொண்டு அதிக விமானங்களை இயக்கு. வருடத்துக்கு 1,000 மணி, ஏழு நாளில் 35 மணி என்று பறக்கும் நேரத்துக்கு வரம்பு உண்டு. வரம்பு என்பது தாண்டக் கூடாத எல்லை. நாளடைவில் அது எட்டிப் பிடிக்க வேண்டிய இலக்காக மாறிவிடுகிறது. இங்கேதான் எல்லாக் கோளாறும் தொடங்குகிறது.

ஒரு மாதிரிக்கு எடுத்துக்கொள்வோம். இரண்டு பணிகளுக்கு நடுவில் குறைந்தது 12 மணி நேர ஓய்வு என்கிறது இந்திய விதி. முந்தைய பணி அதைவிட நீளம் என்றால் அந்த அளவு ஓய்வு. கேட்கத் தாராளமாகத்தான் இருக்கிறது. ஒரு விமானி காலை 7 மணிக்குப் பணி முடிக்கிறார் என்றால், மாலை 7 மணிக்கு மறுபடியும் நிலையத்தில் நிற்கலாம். பெங்களூருவிலோ மும்பையிலோ வீட்டுக்குப் போக ஒன்றரை மணி நேரம், திரும்பி வர ஒன்றரை மணி நேரம். குளிக்க, சாப்பிட, சீருடை மாட்ட இன்னும் ஒன்றிரண்டு மணி. மிச்சம் ஏழு மணி நேரம். அதுவும் பகல் வெளிச்சத்தில், குக்கர் சத்தமும் காலிங் பெல்லும் பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளும் உள்ள வீட்டில். நான்கு மணி நேரம் கண் மூடினால் பெரிய விஷயம். ரோஸ்டர் அதை 12 மணி நேர ஓய்வு என்று எழுதிக்கொள்ளும்.

முதல் இரண்டு நாள் அதிகாலை நான்கு மணிப் பணி, மூன்றாம் நாள் மதியம், நான்காம் நாள் மாலை, ஐந்தாம் நாள் நடுநிசி என்று தள்ளிக்கொண்டே போனால், உடம்புக்கு எது இரவு என்றே தெரியாமல் போகும். ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாகப் பார்த்தால் சட்டப்படி சரி. மொத்தமாகச் சேர்த்து ஒரு மனித உடம்பின் மேல் வைத்துப் பார்க்கும் வேலையை அந்த மென்பொருளிடம் யாரும் ஒப்படைக்கவில்லை.

சட்டத்தைத் தாண்டுவதும் நடக்கிறது. 2024 மார்ச்சில் பணி நேர விதி மீறல்களுக்காக ஏர் இந்தியாவுக்கு 80 லட்சம் ரூபாய் அபராதம். 2025 மே 16, 17 தேதிகளில் அதே நிறுவனத்தின் பெங்களூரு-லண்டன் விமானங்கள் இரண்டில் பறக்கும் நேரத்துக்கான 10 மணி நேர வரம்பு மீறப்பட்டது. அடுத்த மாதம், பணிப்பட்டியல் போடும் பொறுப்பிலிருந்து மூன்று அதிகாரிகளை நீக்கும்படி டிஜிசிஏ உத்தரவிட்டது. ஏர் இந்தியா விமானம் அகமதாபாத்தில் விபத்துக்குள்ளாகிச் சில நாள்களே ஆகியிருந்த நேரம். அந்த விபத்துக்கும் இந்த உத்தரவுக்கும் தொடர்பில்லை, ஆனால் நாட்டின் கவனம் அந்த நிறுவனத்தின் மேல் இருந்தபோதுதான் உத்தரவு வந்தது.

மங்களூரு

ஓய்வு விதிகளைப் பற்றிப் பேசும்போது மங்களூருவைத் தாண்டிப் போக முடியாது. 2010 மே 22. துபாயிலிருந்து இரவு கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812, போயிங் 737-800. வளைகுடாவில் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர்கள், கைக்குழந்தைகளோடு தாய்மார்கள், காசர்கோட்டுக்காரர்கள், தட்சிண கன்னடக்காரர்கள். காலை ஆறு மணி தாண்டியதும் மலை உச்சியில் அமைந்த அந்த ஓடுதளத்தில் விமானம் இறங்கியது. சுமார் 8,000 அடி ஓடுதளத்தில் 5,200 அடி தாண்டியே சக்கரம் தரையைத் தொட்டது. நிற்க இடமில்லை. பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 158 பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் பிழைத்தார்கள்.

ஏர் மார்ஷல் கோகலே தலைமையிலான விசாரணையில் காக்பிட் ஒலிப்பதிவு கேட்கப்பட்டது. இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலான அந்தப் பதிவில் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாகக் கேப்டனின் குறட்டையும் கனத்த மூச்சும். நல்ல உறக்கத்திலிருந்து எழுந்த ஒருவருக்குச் சில நிமிடங்கள் மூளை முழுதாக விழிக்காது. அந்த மந்தத்தில் அவர் உயரத்தைத் தவறாகக் கணித்தார், தவறான கோணத்தில் இறங்கினார். இறங்காதீர்கள், மறுபடி மேலே எழுப்புங்கள் என்று துணை விமானி மூன்று முறை சொன்னார். சொன்னாரே தவிர, தானே கட்டுப்பாட்டைக் கையில் எடுக்கவில்லை. கேப்டனுக்கும் துணை விமானிக்கும் இடையிலிருந்த உயரம் அப்படி.

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் கேப்டன் அப்போதுதான் விடுப்பில் ஊருக்குப் போய்த் திரும்பியிருந்தார். அளவுக்கு மீறிய பணிப்பட்டியலே இந்த விபத்துக்குக் காரணம் என்று எழுதினால் அது பொய். இரவுப் பயணமும், கட்டுப்பாடில்லாத உறக்கமும், அதிகாலை நேரமும், வாய் திறந்தும் செவிசாய்க்கப்படாத ஒரு துணை விமானியும் சேர்ந்த விபத்து அது. ஆனால் அந்த ஆண்டில் இந்தியாவின் ஓய்வு விதி எந்த நிலையில் இருந்தது என்று பார்த்தால் வயிறு எரிகிறது. 2007 ஜூலையில் டிஜிசிஏ புதிய பணி நேர விதிகளைக் கொண்டுவந்தது. நிறுவனங்கள் எதிர்த்தன. 2008 மே மாதம் அந்த விதிகள் நிறுத்திவைக்கப்பட்டு, 1992ஆம் ஆண்டின் பழைய சுற்றறிக்கை மறுபடி உயிர் பெற்றது. விமானிகள் வழக்குப் போட்டார்கள். மும்பை உயர்நீதிமன்றம், பிறகு உச்ச நீதிமன்றம். 2011 மே மாதம், மங்களூரு நடந்து ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, விமானிகள் தோற்றார்கள். புதிய விதி அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் வந்தது.

2007இல் விதி, 2008இல் நிறுத்தம். 2024 ஜனவரியில் விதி, மார்ச்சில் நிறுத்தம். 2025 நவம்பரில் அமல், டிசம்பரில் விலக்கு. ஒரே பாதையில் மூன்று முறை நடந்திருக்கிறோம்.

பஃபலோவில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள்

அமெரிக்காவிலும் ஒன்றும் தானாக மாறிவிடவில்லை. 2009 பிப்ரவரி 12 இரவு, நியூவர்க்கிலிருந்து பஃபலோவுக்குப் போன கோல்கன் ஏர் 3407 ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் அந்த வீட்டிலிருந்த ஒருவரும் இறந்தார்கள். துணை விமானி முந்தைய இரவு நாட்டின் மறுகோடியான சியாட்டிலிலிருந்து வேறு விமானங்களில் ஏறி விடிய விடியப் பயணம் செய்து பணிக்கு வந்திருந்தார். கேப்டன், நிலையத்தில் ஊழியர்கள் உட்காரும் அறையில் இரவைக் கழித்திருந்தார். சிறிய நிறுவனம் கொடுத்த சொற்பச் சம்பளத்தில் நியூவர்க் பக்கம் அறை எடுத்துத் தங்குவது எளிதல்ல.

இறந்தவர்களின் குடும்பத்தார் விடவில்லை. வாஷிங்டனுக்கு மறுபடி மறுபடி போய் நாடாளுமன்ற உறுப்பினர்களின் அறை வாசலில் நின்றார்கள். 2010இல் சட்டம் வந்தது. 2014 ஜனவரியில் புதிய ஓய்வு விதிகள் அமலுக்கு வந்தன: பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வு, அதில் எட்டு மணி நேரம் இடையூறின்றி உறங்க வாய்ப்பு. பறந்த நேரத்தை மட்டும் பார்க்காமல், பணி எந்த நேரத்தில் தொடங்குகிறது, எத்தனை முறை இறங்க வேண்டும் என்பதையும் சேர்த்து வரம்பு வைத்தார்கள். ஆனால் சரக்கு விமானங்களுக்கு இந்த விதி பொருந்தாது என்று விட்டுவிட்டார்கள், செலவு அதிகமாம். விதி அமலாவதற்குச் சில மாதம் முன்பு, 2013 ஆகஸ்ட் 14 விடியலில், அலபாமாவின் பர்மிங்ஹாமில் யுபிஎஸ் சரக்கு விமானம் ஓடுதளத்துக்கு முன்பே விழுந்து இரு விமானிகளும் இறந்தார்கள். விசாரணை அறிக்கையில் அசதியும் ஒரு காரணம். பெட்டிகளை ஏற்றிச் செல்பவருக்கும் மக்களை ஏற்றிச் செல்பவருக்கும் உடம்பு ஒன்றுதான்.

மருத்துவ விடுப்பு எனும் ஆயுதம்

இந்தியாவில் விமானிகளுக்கும் நிர்வாகங்களுக்கும் உறவு கசந்துபோனது ஓய்வு ஒன்றால் மட்டும் இல்லை. லட்சக்கணக்கில் கடன் வாங்கிப் பயிற்சி முடிக்கிறார்கள். வேலை கிடைத்தபின் அதை விட்டுப் போக நினைத்தால் கேப்டன் ஒரு வருடம், துணை விமானி ஆறு மாதம் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று 2017இல் டிஜிசிஏவே விதி போட்டது. வேறெந்தத் தொழிலில் இப்படி உண்டு? 2023இல் முன்னறிவிப்பு முடிக்காமல் போன 43 விமானிகளை எதிர்த்து ஆகாசா ஏர் நீதிமன்றம் போனது. தொழிலாளியைக் கட்டிப்போடும் விதிக்கு நாள் தள்ளிவைப்பு கேட்டு எந்த நிறுவனமும் டிஜிசிஏ வாசலில் நின்றதில்லை.

சங்கம் வைத்தாலும் சிக்கல். 2009இல் ஜெட் ஏர்வேஸ் விமானிகள் சங்கம் தொடங்கினார்கள். முன்னின்ற இருவர் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். செப்டம்பரில் மற்றவர்கள் கூட்டமாக 'உடம்பு சரியில்லை' என்றார்கள், ஐந்து நாள் நாடு முழுக்க விமானங்கள் நின்றன. 2024 ஏப்ரலில் விஸ்தாரா விமானிகளும் கூட்டமாக வரவில்லை. ஏர் இந்தியாவோடு இணையும் முன் கொண்டுவந்த புதிய ஒப்பந்தம், மாதம் 70 மணி நேரத்துக்கு உறுதியாகக் கொடுத்த சம்பளத்தை 40 மணி நேரத்துக்கு என்று குறைத்தது. நிறுவனம் தினமும் 25 முதல் 30 விமானங்களைக் குறைக்க வேண்டியதாயிற்று. மறுமாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் பணிப்பெண்களும் பணியாளர்களும் அதே வழியில் போனார்கள். 25 பேர் நீக்கம், பிறகு தொழிலாளர் ஆணையர் முன்னிலையில் பேச்சு, மீண்டும் வேலை.

நிர்வாகத் தரப்பில் சொல்வதற்கும் உண்டு. சம்பளத் தகராறுக்கு அசதிச் சாயம் பூசுகிறார்கள் என்பார்கள். சில சமயம் அது உண்மைதான். கூட்டாகப் போடும் போலி மருத்துவ விடுப்பில் மாட்டிக்கொள்பவர் பயணி, முதலாளி இல்லை. அதை நான் ஆதரிக்கவில்லை. அதைவிடப் பெரிய தீங்கு ஒன்றும் அதில் இருக்கிறது: நாளைக்கு ஒரு விமானி உண்மையாகவே கண் சொருகிப்போய் 'முடியவில்லை' என்று போன் செய்தால், பணிப்பட்டியல் மேசையில் இருப்பவர் நம்ப மாட்டார். ஆனால் சம்பளத்தையும் ரோஸ்டரையும் பிரிக்க முடியாது என்பதையும் நிர்வாகங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். உறுதிச் சம்பளத்தை 40 மணி நேரமாகக் குறைத்தால், வீட்டுக் கடன் கட்டும் விமானி மீதி மணிக்கணக்கைத் தேடித்தான் ஓடுவார். அசதி என்று சொல்லி ஒரு பயணத்தை விட்டால் வருமானம் போகும். வருமானத்தைப் பறக்கும் மணியோடு கட்டிவிட்டு, களைத்தால் சொல்லுங்கள் என்பது எப்படிப் பொருந்தும்?

சொல்வதற்கு வழி இல்லாமல் இல்லை. 'ஃபட்டீக் ரிப்போர்ட்' என்று ஒன்று எல்லா நிறுவனத்திலும் உண்டு. 2023இல் இண்டிகோ, தேலஸ் நிறுவனத்தோடு சேர்ந்து விமானிகளின் அசதியை அளக்க மணிக்கட்டில் கட்டும் கருவியைக்கூட அறிமுகப்படுத்தியது. கருவி வரட்டும், நல்லது. ஆனால் 2022இல் சேஃப்டி மேட்டர்ஸ் அறக்கட்டளை இந்திய விமானிகள் 542 பேரிடம் கேட்டபோது, 66 சதவீதத்தினர் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லாமலேயே காக்பிட்டில் கண் அயர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். கட்டுப்பாட்டோடு எடுக்கும் குட்டித் தூக்கம் பாதுகாப்புக்கு நல்லதே. அரை மணிக்கும் குறைவான உறக்கமே விழிப்பைக் கணிசமாகக் கூட்டுவதை 1990களில் நாசா ஆய்வு காட்டியது. பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் வரும் தூக்கம்தான் பாட்டிக் ஏரில் வந்தது. பெயர் தெரியாத ஆய்வாளரிடம் சொல்வதை, மூன்றில் இரண்டு பேர் தங்கள் நிறுவனத்திடம் சொல்வார்களா?

2024ஆம் ஆண்டு விதியில் இதற்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. விமானிகளின் அசதி அறிக்கைகளைப் பற்றியும் அவற்றின் மேல் எடுத்த நடவடிக்கை பற்றியும் நிறுவனங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிஜிசிஏவுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த அறிக்கைகளை டிஜிசிஏ தன் இணையதளத்தில், நிறுவனவாரியாக, எல்லோரும் பார்க்கும்படி போட வேண்டும். எந்த நிறுவனத்தில் எத்தனை விமானிகள் அசதி என்று சொன்னார்கள், எத்தனை ஏற்கப்பட்டது, எத்தனை தள்ளுபடியானது, எந்தத் தடத்தில் திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிய வேண்டும். ஒவ்வொரு மாதமும் எந்த நிறுவனம் எத்தனை பயணிகளை ஏற்றியது, எத்தனை சதவீதம் நேரத்துக்குப் போனது என்று வெளியிடும் துறைக்கு இதை வெளியிடுவது கடினமில்லை. வார ஓய்வோடு விடுப்பைக் கலக்கக் கூடாது என்ற பிரிவை, எல்லா நிறுவனங்களுக்கும் பொருந்தும்படி மீண்டும் எழுத வேண்டும். இனி விலக்குக் கேட்கும் நிறுவனம் முதலில் தன் அட்டவணையைக் குறைத்துவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்றும் அதே விதியில் சேர்க்க வேண்டும். கோடைகால அட்டவணையும் குளிர்கால அட்டவணையும் டிஜிசிஏ கையெழுத்து இல்லாமல் அமலுக்கு வருவதில்லை. இத்தனை விமானங்களுக்கு உங்களிடம் எத்தனை விமானிகள் இருக்கிறார்கள் என்று அந்தக் கையெழுத்துக்கு முன்னால் ஒரு முறை கேட்டிருந்தால், டிசம்பர் நடந்திருக்காது.